பாட்டா டாக்டரின் மகன்

பாட்டா நம்ம ஊர்க் கம்பெனி என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அப்பா கூட்டிக்கொண்டு போவார், கடைக்காரர் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து என் காலைத் தன் பக்கம் இழுத்து அளவு பார்ப்பார், "அடுத்த வருஷத்துக்கும் வர்ற மாதிரி ஒரு சைஸ் பெருசா குடுங்க" என்று அப்பா சொல்வார், விலை எப்போதும் தொண்ணூறு காசில்தான் முடியும். பெயரும் அந்நியமாகத் தெரியவில்லை. நாகர்கோவில் பக்கம் தாத்தாவைப் பாட்டா என்பார்கள், இலங்கையில் ரப்பர் செருப்புக்கே அதுதான் பெயர். அது ஒரு செக் குடும்பத்தின் பெயர், 1894-ல் ஸ்லீன் என்ற ஊரில் ஆரம்பித்த தொழில் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்தது ஒரு ஆங்கில நாடக ஆசிரியரின் கதையைப் படிக்கப் போய்த்தான்.

ஸ்லீன் முழுக்க முழுக்க கம்பெனி ஊர். தொழிலாளிகளுக்கு வரிசை வரிசையாகச் செங்கல் வீடுகள், சினிமா கொட்டகை, ஆஸ்பத்திரி என்று எல்லாம் செருப்புக் காசில் எழுந்தவை. அந்த ஆஸ்பத்திரியில் ஓய்கென் ஸ்ட்ராய்ஸ்லர் என்று ஒரு டாக்டர். அவருக்கு இரண்டு பையன்கள். இளையவன் தொமாஷ், 1937 ஜூலை 3-ம் தேதி பிறந்தவன். அந்த தொமாஷ்தான் பிற்பாடு நாடக ஆசிரியர் சர் டாம் ஸ்டாப்பர்ட். 2025 நவம்பர் 29-ம் தேதி இங்கிலாந்தில் டார்செட் பக்கம் தன் வீட்டில், 88 வயதில் காலமானார்.

அவர் இறந்த வாரம் வந்த அஞ்சலிகளில் எதைப் படித்தாலும் 'புத்திசாலி', 'வார்த்தை ஜாலக்காரர்' என்றுதான் இருந்தது. தப்பில்லை, ஜாலக்காரர்தான். ஆனால் எனக்கு அவரிடம் ஒட்டிக்கொண்ட விஷயம் வேறு, அதைச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் சுற்றி வர வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1939 மார்ச்சில் ஹிட்லரின் படை செக் நாட்டுக்குள் நுழைந்தது. பாட்டா கம்பெனி தன்னிடம் வேலை பார்த்த யூதர்களை அவசர அவசரமாக வெளிநாட்டுக் கிளைகளுக்கு அனுப்பிவைத்தது. டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்தால் நமக்கெல்லாம் எரிச்சல்தான் வரும், யாரைப் பிடித்து ரத்து செய்யலாம் என்று யோசிப்போம். அங்கே அந்தக் காகிதம்தான் உயிர். ஸ்ட்ராய்ஸ்லர் குடும்பத்துக்கு விழுந்த ஊர் சிங்கப்பூர். சின்னவனுக்கு அப்போது இரண்டு வயதுகூட ஆகவில்லை.

சிங்கப்பூரிலும் மூன்று வருடம் முழுசாக ஓடவில்லை. 1942 தொடக்கத்தில் ஜப்பான் படை மலாயா வழியாக இறங்கி வர, பெண்களையும் பிள்ளைகளையும் கப்பலேற்றினார்கள். அம்மா மார்த்தாவும் இரண்டு பையன்களும் ஆஸ்திரேலியா போகப் போகிறோம் என்று நினைத்துக் கிளம்பி, வந்து இறங்கியது இந்தியாவில். அப்பா டாக்டர், ஊரில் தேவைப்படுவார் என்று தங்கிவிட்டார். கடைசி நேரத்தில் அவரும் ஒரு கப்பல் பிடித்தார். அந்தக் கப்பல் குண்டு வீச்சில் மூழ்கியது. அவர் எப்படி இறந்தார் என்ற விவரம் குடும்பத்துக்குச் சரியாகத் தெரிய பல வருடம் ஆயிற்று.

டார்ஜிலிங்கில் மறுபடியும் பாட்டா. அம்மா அங்கே இருந்த பாட்டா கடையைப் பார்த்துக்கொண்டார், பையன்கள் மவுண்ட் ஹெர்மன் என்ற பள்ளியில் சேர்ந்தார்கள். அமெரிக்கர்கள் நடத்திய பள்ளி, அதனால் பாடம், விளையாட்டு, சண்டை எல்லாமே இங்கிலீஷில். வீட்டில் பேசின செக் மொழி கொஞ்சம் கொஞ்சமாக நாக்கை விட்டுப் போயிற்று. பின்னாளில் தன்னை 'பவுன்ஸ் ஆன செக்' என்று சொல்லிக்கொள்வார் ஸ்டாப்பர்ட். அவருடைய சிலேடைகளில் முக்கால்வாசி தமிழுக்கு வராது, இது மட்டும் அப்படியே வந்துவிட்டது. நாமும் வங்கிக் காசோலையையும் அந்த நாட்டையும் ஒரே எழுத்தில்தான் எழுதுகிறோம்.

அப்பா இறந்த செய்தியைச் சொன்னது அம்மா இல்லை. குடும்பத்துக்குத் தெரிந்த ஒரு பெண் அண்ணன் தம்பி இருவரையும் நடக்கக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னாராம். பெரிய விஷயம் ஏதோ நடக்கிறது என்று புரிந்தது, ஆனால் தனக்குள் கிட்டத்தட்ட ஒன்றுமே தோன்றவில்லை என்று 1999-ல் ஒரு கட்டுரையில் எழுதினார். நான் அவருடைய நாடகங்களை விட அதிக தடவை படித்தது அந்தக் கட்டுரையைத்தான். 'ஒன்றுமே தோன்றவில்லை' என்பதை இப்போதைக்கு மனசில் போட்டு வையுங்கள்.

1945-ல் அம்மா கென்னத் ஸ்டாப்பர்ட் என்கிற பிரிட்டிஷ் ராணுவ மேஜரைக் கல்யாணம் செய்துகொண்டார். அடுத்த வருடம் எல்லோரும் இங்கிலாந்து. எட்டரை வயதில் தொமாஷ் ஸ்ட்ராய்ஸ்லர், டாம் ஸ்டாப்பர்ட் ஆனான். ஆங்கிலேயத்தனத்தை ஒரு கோட்டு மாதிரி மாட்டிக்கொண்டேன், கச்சிதமாகப் பொருந்திவிட்டது என்கிற தொனியில் பிற்பாடு சொல்லியிருக்கிறார். மாற்றாந்தந்தைக்கு ஒரு கொள்கை இருந்தது: ஆங்கிலேயனாகப் பிறப்பது வாழ்க்கை லாட்டரியில் முதல் பரிசு. ஒன்பது வயதில் பையன் பேச்சுவாக்கில் 'என் சொந்த அப்பா' என்று ஏதோ சொல்லப்போக, உன்னை பிரிட்டிஷ்காரன் ஆக்கினதே நான்தான், அது தெரியவில்லையா என்று கேட்டாராம் அவர். சொல்லிக்காட்டுவது எல்லா நாட்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கும் போல.

பதினேழு வயதில் படிப்பை விட்டார். காலேஜ் வாசலையே மிதிக்காத மனுஷர். இதைத் தெரிந்துகொண்டு அவருடைய நாடகங்களைப் படித்தால் தமாஷாக இருக்கும், ஏனென்றால் அந்தக் குவாண்டம் இயற்பியல், லத்தீன் கவிதை, தர்க்கம் எல்லாம் சொந்தமாக லைப்ரரியில் உட்கார்ந்து சேர்த்தவை. 1954-ல் பிரிஸ்டல் நகரத்துப் பத்திரிகை ஒன்றில் நிருபராகச் சேர்ந்தார். கொஞ்ச நாள் கார் விமர்சனமும் எழுதினார். கார் ஓட்டத் தெரியாது, அதனால் சீட் துணி எப்படி இருக்கிறது என்று எழுதிச் சமாளித்ததாக அவரே சொல்லிச் சிரிப்பார். இன்னொரு பத்திரிகையில் வேலை கேட்டுப் போனபோது அரசியலில் ஆர்வம் உண்டு என்றாராம். சரி, இப்போது உள்துறை அமைச்சர் யார் என்று ஆசிரியர் கேட்டதற்கு, ஆர்வம் என்றுதான் சொன்னேன், பைத்தியம் என்று சொல்லவில்லையே என்று பதில். வேலை கிடைக்கவில்லை.

அப்புறம் 1966, எடின்பரோ. அங்கே வருடா வருடம் நடக்கும் நாடக விழாவின் ஓரத்தில், மாணவர் குழு ஒன்று அவருடைய நாடகத்தைப் போட்டது. 'ரோசன்கிரான்ட்ஸ் அண்ட் கில்டன்ஸ்டெர்ன் ஆர் டெட்'. ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' படித்தவர்களுக்கே இந்த இரண்டு பேரை ஞாபகம் இருக்காது. ராஜா கூப்பிட்டான் என்று வருவார்கள், நண்பனை வேவு பார்ப்பார்கள், நாடகத்தின் கடைசியில் யாரோ ஒருத்தன் வந்து 'அவர்கள் செத்துப்போனார்கள்' என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் போவான். ஸ்டாப்பர்ட் மேடையைத் திருப்பிப் போட்டார். பெரிய கதை எங்கேயோ பக்கத்து அறையில் நடக்கிறது, இந்த இரண்டு பேரும் தங்களை எதற்குக் கூப்பிட்டார்கள் என்றே தெரியாமல் இங்கே நின்றுகொண்டிருக்கிறார்கள். கல்யாண வீட்டில் யாரோ கூப்பிட்டார்கள் என்று போய்விட்டு, மாப்பிள்ளை வீடா பெண் வீடா என்று கேட்டால் முழிப்போமே, அந்த முழி.

திரை விலகும்போது அவர்கள் நாணயம் சுண்டிக்கொண்டிருக்கிறார்கள். தலை. மறுபடி தலை. மறுபடியும் தலை. எண்ணிக்கை 92-க்குப் போகிறது, ஒரு தடவைகூட பூ விழவில்லை. ஜெயிக்கிறவனுக்கு லேசான கூச்சம், அவ்வளவுதான், நண்பன் காசு இத்தனை தன் பைக்கு வருகிறதே என்று. தோற்கிறவனுக்குக் காசு போவதில் கவலையில்லை, உலகம் எங்கேயோ கழன்றுவிட்டதோ என்று பயம். 92 தடவை தொடர்ந்து தலை விழ எத்தனைக்கு எத்தனை வாய்ப்பு என்று ஒருநாள் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். ஒன்றுக்கு எதிரே சுமார் ஐந்து, அதன் பின்னால் 27 சைபர். அந்தக் காட்சியைப் படித்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே வயிற்றில் ஏதோ இறங்கும்.

முதல் சில விமர்சனங்கள் சுமார். அதே வாரம் அவருடைய நாவல் ஒன்றும் வெளியானது, தன் பெயர் நிற்கப்போவது அந்த நாவலால்தான் என்று நம்பிக்கொண்டிருந்தார். நாவலை யாரும் சீந்தவில்லை. 'அப்சர்வர்' பத்திரிகையில் ரொனால்ட் பிரைடன் நாடகத்தைப் புகழ்ந்து எழுத, அதைப் பார்த்து நேஷனல் தியேட்டரிலிருந்து கென்னத் டைனன் பிரதி கேட்டுத் தந்தியடித்தார். 1967 ஏப்ரலில் லண்டன் ஓல்ட் விக்கில் அரங்கேற்றம். அந்த வருடமே நியூயார்க். எதைப் பற்றிய நாடகம் என்று அங்கே யாரோ கேட்டதற்கு, என்னைப் பெரிய பணக்காரனாக்கப் போகிற நாடகம் என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. அடுத்த வருடம் டோனி விருது, அமெரிக்க நாடக மேடையின் பெரிய பரிசு. 29 வயசுப் பையனுக்கு விடிவதற்குள் ஊர் மாறிவிட்டது.

இதற்கப்புறம் வந்த எல்லா நாடகத்தையும் பட்டியல் போடப் போவதில்லை. 'ஜம்பர்ஸ்' 1972, 'டிராவெஸ்டீஸ்' 1974, இரண்டும் மூளைக்குச் சிலம்பம். 'டிராவெஸ்டீஸ்' நாடகத்தில் முதல் உலகப் போர்க்கால சூரிச் நகரத்தில் லெனின், ஜேம்ஸ் ஜாய்ஸ், கவிஞர் ட்ரிஸ்டன் ஜாரா மூவரும் இருந்ததை வைத்து விளையாடுகிறார், அதுவும் ஒரு கிழவனின் ஓட்டை ஞாபகத்தின் வழியாக. பிரமாதம்தான். ஆனால் பாதியில் எனக்கு மூச்சு வாங்கியது. 'ஹாப்குட்' எனக்குப் புரியவே இல்லை, புரிந்தவர்கள் சொல்லுங்கள். ரஷ்யச் சிந்தனையாளர்களைப் பற்றிய 'தி கோஸ்ட் ஆஃப் யுடோப்பியா' மூன்று நாடகங்கள், சேர்த்துப் பார்த்தால் சுமார் ஒன்பது மணி நேரம். இரண்டாவதைப் படிக்கும்போது தூங்கிவிட்டேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்தக் காலத்தில் அவர் மேல் எல்லோரும் வைத்த குற்றச்சாட்டு ஒன்றுதான். தலை பெரிசு, இதயம் எங்கே? கூடவே இன்னொன்று: நாடு கொந்தளித்துக்கொண்டிருக்கும்போது, சக நாடகக்காரர்கள் எல்லாம் இடதுசாரி மேடையில் நிற்கும்போது, இவர் மட்டும் சிலேடை போட்டுக்கொண்டிருக்கிறாரே. அவருக்கு இங்கிலாந்தைத் திட்ட மனசு வரவில்லை. இந்த நாட்டுக்குள் வந்து விழுந்ததே தன் அதிர்ஷ்டம் என்று நினைத்தவர். பிரதமர் தாட்சரைக்கூட அவருக்குப் பிடித்திருந்தது. எனக்கு அது உவப்பில்லை, ஆனால் அகதியாக வந்து சேர்ந்த பிள்ளை கதவைத் திறந்த வீட்டைக் குறை சொல்லத் தயங்குவது புரிகிறது.

இதயம் எங்கே என்று கேட்டவர்களுக்கு 1982-ல் 'தி ரியல் திங்' வந்தது. நாடக ஆசிரியர் ஒருவரின் காதல், துரோகம், வலி. அதில் நம் ஆட்களுக்கு உடனே புரியக்கூடிய இடம் ஒன்று உண்டு, கிரிக்கெட் மட்டை. நாயகன் ஹென்றி கையில் மட்டையோடு வந்து மனைவிக்கு விளக்குகிறான்: இது பார்க்க ஒரு கட்டை மாதிரி இருக்கிறது, உண்மையில் பல மரத்துண்டுகளைச் சாமர்த்தியமாகச் சேர்த்துச் செய்தது, சரியாகச் செய்திருந்தால் பந்து பட்டதும் தெரியாது, லேசாக ஒரு சத்தம், பந்து இருநூறு கஜம் தள்ளிப் போய் விழும். நல்ல எழுத்து என்பது அந்த மட்டை. சும்மா ஒரு விறகுக்கட்டையை எடுத்து அதே பந்தை அடித்தால் பந்து பத்தடி போகும், அடித்தவன் கையை உதறிக்கொண்டு குதிப்பான். ஸ்டாப்பர்ட் நிஜமாகவே கிரிக்கெட் ஆடினவர், விக்கெட் கீப்பர். அந்த வசனத்தைப் படிக்கும்போது கை எரிகிறது, ஏனென்றால் தெருவில் தென்னைமட்டையில் ஆடின நமக்கு அந்த உதறல் நன்றாகத் தெரியும். இதில் விசேஷம், ஹென்றி சொல்வது சரி, ஆனால் அந்தச் சரியை வைத்துக்கொண்டு தன் வீட்டுக்குள் துரோகம் நுழைவதை அவனால் தடுக்க முடியவில்லை. தன்னைத்தானே மறுத்துப் பேசிக்கொள்ள மரியாதையான வழி வசனம் எழுதுவதுதான், அதனால்தான் நாடகம் எழுதுகிறேன் என்று சொன்ன ஆள் அவர்.

பிறந்த நாட்டோடு ஒரு பாதி உறவு இருந்துகொண்டே இருந்தது. 1977-ல் பிராக் போய் வாக்லாவ் ஹாவலைச் சந்தித்தார். ஹாவலும் நாடக ஆசிரியர், ஒரு வயது மூத்தவர், அதே நாட்டில் பிறந்து அங்கேயே தங்கியவர், அதனால் ஜெயில். ஸ்டாப்பர்ட்டின் குடும்பம் திரும்பிப் போயிருந்தால் அவர் இருந்திருக்கக்கூடிய இடம் அதுதான். அந்த வருடமே பிபிசிக்கு 'புரொஃபஷனல் ஃபவுல்' என்ற தொலைக்காட்சி நாடகத்தை எழுதி ஹாவலுக்குச் சமர்ப்பித்தார். கேம்பிரிட்ஜ் அறநெறிப் பேராசிரியர் ஒருவர் கருத்தரங்குக்கு என்று பிராக் வருகிறார், உள்ளூர ஃபுட்பால் மேட்ச் பார்க்கும் ஆசையில். பழைய மாணவன் தன் ஆய்வேட்டை ரகசியமாக எடுத்துப் போகச் சொல்ல, அது தர்மமில்லை என்று முதலில் கையை விரிக்கிறார். கடைசியில் எடுத்துத்தான் போகிறார், அதுவும் சக பேராசிரியர் ஒருவரின் பெட்டியில் அவருக்கே தெரியாமல் வைத்து. சிலேடைக்காரர் அரசியல் பேசினால் இப்படித்தான் பேசுவார், நெஞ்சைத் தட்டிக்கொள்ளாமல். ஹாவல் 1989 டிசம்பரில் அந்த நாட்டின் ஜனாதிபதி ஆனார்.

சினிமாவுக்கும் நிறைய எழுதினார். 'ஷேக்ஸ்பியர் இன் லவ்' படத்துக்காக மார்க் நார்மனோடு சேர்ந்து ஆஸ்கர். ஆனால் எனக்கு உறுத்துவது 1987-ல் வந்த 'எம்பயர் ஆஃப் தி சன்'. ஜப்பான்காரர் பிடித்த ஷாங்காயில் அப்பா அம்மாவைத் தொலைத்துவிட்டு முகாமில் வளரும் ஒரு ஆங்கிலேயப் பையனின் கதை. சிங்கப்பூரிலிருந்து தப்பித்த பையன்தான் அதற்குத் திரைக்கதை எழுதினான்.

எல்லாவற்றிலும் எனக்கு ரொம்பப் பிடித்தது 1993-ல் வந்த 'ஆர்காடியா'. டெர்பிஷயரில் ஒரு பழைய மாளிகை, ஒரே அறை, ஒரு மேஜை. 1809-ல் அங்கே தாமசினா என்ற பதிமூன்று வயதுப் பெண் பாடம் படிக்கிறாள். நம் காலத்தில் அதே மேஜையைச் சுற்றி ஆராய்ச்சியாளர்கள் உட்கார்ந்து அந்தக் காலத்தில் என்ன நடந்திருக்கும் என்று தப்புத் தப்பாகக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்கள். தாமசினா ஆரம்பத்திலேயே தன் வாத்தியாரிடம் ஒரு விஷயம் கேட்கிறாள். நம் பால் பாயசம் மாதிரி அங்கே ஒரு அரிசிப் பண்டம் உண்டு. அதில் ஒரு கரண்டி ஜாம் போட்டுக் கலக்கினால் சிவப்புக் கோடுகள் சுழன்று பரவி, கடைசியில் எல்லாம் வெளிர் சிவப்பாகிவிடும். சரி, எதிர்ப்பக்கமாகக் கலக்கினால் ஜாம் ஏன் மறுபடி சேர்ந்து வருவதில்லை? குழந்தை கேட்கிற கேள்விதான். வெப்பம் ஒரு திசையில்தான் போகும், போனது திரும்பாது என்று இயற்பியல் பின்னாளில் எழுதப்போவதை அவள் அந்தக் கிண்ணத்திலேயே பார்த்துவிடுகிறாள்.

நாடகத்தின் நடுவிலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது, பதினேழாவது பிறந்தநாளுக்கு முந்தின இரவு அவள் தீயில் இறந்துபோகிறாள் என்று. அது இந்தக் கால ஆட்கள் போகிற போக்கில் சொல்லும் தகவல். கடைசிக் காட்சியில் அவள் கையில் மெழுகுவர்த்தியோடு வந்து, எனக்கு வால்ட்ஸ் நடனம் சொல்லிக்கொடுங்கள் என்று வாத்தியாரைக் கேட்கிறாள். இரண்டு காலத்து ஜோடிகளும் ஒரே அறையில் ஆடுகிறார்கள், ஒருவரை ஒருவர் பார்க்காமல். நமக்குத் தெரிகிறது, அவளுக்குத் தெரியவில்லை. இதயம் எங்கே என்று கேட்டவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்தபின் வாயை மூடியிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

டார்ஜிலிங்கையும் அவர் விடவில்லை. 1991-ல் ஒரு வானொலி நாடகம், அதை விரித்து 1995-ல் 'இண்டியன் இங்க்'. 1930-ல் இந்தியாவுக்கு வரும் ஒரு ஆங்கிலக் கவிஞி, அவள் படத்தை வரையும் நிராத் தாஸ் என்ற ஓவியர். ரசம் என்றால் என்ன என்று அவர் அவளுக்கு விளக்குகிறார், சிருங்காரம் உட்பட. நடித்தது ஃபெலிசிட்டி கெண்டல். சசி கபூரின் மனைவி ஜெனிஃபரின் தங்கை, இந்தியாவில் ஊர் ஊராக ஷேக்ஸ்பியர் நாடகம் போட்ட குடும்பம், இந்த மண்ணிலேயே வளர்ந்தவர். நாடகம் மென்மையானது, எனக்குக் கொஞ்சம் போஸ்ட் கார்டு வாசனை அடித்தது. பரவாயில்லை, அது அவருடைய குழந்தைப்பருவம், எனக்கென்ன.

இனிதான் விஷயம்.

தன் வாழ்க்கையைப் பற்றி யார் கேட்டாலும் தான் அதிர்ஷ்டக்காரன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். நாணயம் சுண்டினால் தலை, மறுபடி தலை. 1990-களின் தொடக்கத்தில் செக் நாட்டிலிருந்து உறவுக்காரப் பெண் ஒருத்தி லண்டன் வந்து, நேஷனல் தியேட்டர் உணவகத்தில் அவரைச் சந்தித்தாள். அம்மா தன் பழைய வாழ்க்கையைப் பற்றிப் பேசவே மாட்டார், அந்தப் பக்கம் பேச்சு போனாலே அவருக்குப் பிடிக்காது. ஏதோ கொஞ்சம் யூத ரத்தம் இருக்கும் போல என்கிற அளவில்தான் மகனுக்குத் தெரியும். நாம் எவ்வளவு யூதர்கள் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார். முழுக்க என்றாள். ஒரு தாளை எடுத்துக் குடும்ப மரத்தை எழுதினாள். தாத்தா பாட்டி நால்வரும் நாஜி முகாம்களுக்குப் போனவர்கள். அம்மாவின் சகோதரிகளில் மூன்று பேர் அப்படியே. ஒவ்வொரு பெயருக்குக் கீழேயும் அவர்கள் முடிந்துபோன இடம். அவருக்கு அப்போது வயது ஐம்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. இத்தனை நாள் ஒருமுறைகூடத் தீர விசாரிக்காமல் இருந்துவிட்டேனே என்ற குறுகுறுப்பு அந்தக் கட்டுரை முழுக்க ஓடுகிறது.

1996-ல் அம்மா இறந்தார். அதையடுத்து மாற்றாந்தந்தையிடமிருந்து கடிதம் வந்தது: என் குடும்பப் பெயரை இனிமேல் நீ பயன்படுத்தாதே. யூதர்களுக்காக இவர் குரல் கொடுக்க ஆரம்பித்தது அவருக்குப் பிடிக்கவில்லை. அது நடைமுறைக்கு ஒத்துவராது என்று இவர் பதில் எழுதிவிட்டார். அடுத்த வருடம் ராணி சர் பட்டம் கொடுத்தார், அதே பெயருக்கு.

இதையெல்லாம் மேடையில் வைக்க இன்னும் இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. 2020 தொடக்கத்தில் 'லியோபோல்ட்ஸ்டாட்' லண்டன் விண்டம்ஸ் தியேட்டரில் வந்தது, மார்ச்சில் கொரோனாவால் நின்றது, அடுத்த வருடம் மறுபடி. 2023-ல் நியூயார்க்கில் இது வாங்கியது அவருடைய ஐந்தாவது டோனி விருது. சிறந்த நாடகத்துக்காக ஐந்து முறை வாங்கிய ஒரே நாடக ஆசிரியர் இவர்தான்.

நான் பார்த்தது மேடையில் இல்லை. 2022 தொடக்கத்தில் ரெடிங் நகரத்தில் அக்கா வீட்டில் இருந்தேன், அப்போது நாடகத்தைப் படம்பிடித்துச் சினிமா தியேட்டர்களில் போட்டார்கள். அக்கா நர்ஸ், இரவு ஷிஃப்ட் முடித்துப் பகலெல்லாம் தூங்கி எழுந்து, "நாடகமா, ஏசி இருக்குமாடா, அப்போ வர்றேன்" என்று என்னோடு வந்தாள். குளிர்காலத்தில் இங்கிலாந்தில் ஏசி கேட்ட ஒரே மனுஷி அவளாகத்தான் இருக்கும்.

1899 வியன்னா. பணக்கார யூதக் குடும்பம், பாதிப் பேர் கிறிஸ்தவத்துக்கு மாறியவர்கள், பிள்ளைகள் கிறிஸ்துமஸ் மரம் அலங்கரிக்கிறார்கள். ஒரு பொடியன் ஏணியில் ஏறி உச்சியில் நட்சத்திரம் வைக்கிறான், தாவீதின் ஆறுமுனை நட்சத்திரம். எல்லோரும் சிரிக்கிறார்கள். தியேட்டரும் சிரித்தது. அப்புறம் 1900, 1924, 1938. நடித்தவர்களில் ஒருவர் ஸ்டாப்பர்ட்டின் மகன் எட், கணித மேதை லுட்விக்காக. இது முன்பே தெரிந்ததால் அவர் வாய் திறக்கும்போதெல்லாம் நான் அப்பாவைத் தேடிக்கொண்டிருந்தேன். 1938-ல் ஆள் வந்து வீட்டைக் காலிபண்ணச் சொல்கிற நேரத்தில் லியோ என்ற சின்னப் பையனின் கையை உடைந்த கோப்பை வெட்டிவிடுகிறது. குடும்பத்திலேயே இருக்கும் டாக்டர் தையல் போடுகிறார். வெளியே ஊர் எரிகிறது, உள்ளே ஒரு குழந்தையின் கைக்குத் தையல்.

1955-ல் அதே வீடு, காலி. மிச்சம் மூன்று பேர். அவர்களில் ஒருவன் லியோ, இப்போது லியோனார்ட் சேம்பர்லெய்ன் என்ற இளம் ஆங்கிலேய எழுத்தாளன், நகைச்சுவையாக எழுதுகிறவன், எட்டு வயதுக்கு முன்னால் எதுவும் ஞாபகமில்லை என்று சங்கடமாகச் சிரிக்கிறான். முகாமிலிருந்து மீண்டு வந்த நாதனுக்கு ஆத்திரம்: எட்டு வயதில் யாரும் பிறப்பதில்லை. அப்புறம் அந்தக் கோப்பையை, தையலை அவனே எடுத்துச் சொல்கிறான். லியோ தன் கையைப் பார்க்கிறான். தழும்பு இருக்கிறது. அதற்குப் பிறகு குடும்ப மரத்திலிருந்து ஒவ்வொரு பெயராக வர, ஒவ்வொன்றுக்கும் அவர்கள் எப்படி முடிந்துபோனார்கள் என்று பதில் வருகிறது. கடைசிப் பெயருக்கு ஆஷ்விட்ஸ், நாஜிகளின் கொலைமுகாம். விளக்கு அணைந்துவிட்டது.

வெளியே வந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் நாங்கள் பேசவில்லை. வீட்டுக்கு வந்து சப்பாத்தி சுட்டுக்கொண்டே அக்கா கேட்டாள், "அந்தத் தழும்பு நெசமா நடந்ததா, இல்ல கதையா?" எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அன்றைக்கு ராத்திரிதான் தேடிப் பிடித்து அந்த 1999 கட்டுரையை முதல்முறையாகப் படித்தேன்.

1998-ல் அண்ணன் பீட்டரோடு ஸ்லீன் போயிருக்கிறார். பாட்டா ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு மேலே இருந்த பெரிய டாக்டரின் மகளை அங்கே சந்தித்தார்கள். சின்னப் பெண்ணாக இருந்தபோது அவள் கண்ணாடிக் கதவில் கையை விட்டுவிட்டாள், கண்ணாடி உடைந்து கை கிழிந்துவிட்டது, அப்போது தையல் போட்டது டாக்டர் ஸ்ட்ராய்ஸ்லர். அந்த அம்மாள் கையை நீட்டிக் காட்டினார். மெல்லிசாக ஒரு கோடு. அப்பாவிடமிருந்து எனக்கு வந்தது என்று ஒரு பொருள்கூடக் கிடையாது, அவர் கை பட்டது என்று சொல்ல இது ஒன்றுதான் என்று எழுதுகிறார் மகன். தொட்டார். அப்போதுதான் எதிர்பாராமல் துக்கம் வந்தது என்கிறார், அப்பாவுக்காக, இத்தனை வருடம் கழித்து.

காலையில் டூட்டி முடித்து வந்த அக்காவிடம் போனை நீட்டி அந்தப் பத்தியைக் காட்டினேன். கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே படித்தாள். இரண்டாவது தடவையும் படித்தாள். அப்புறம், "அறுபது வருஷம் கழிச்சும் கோடு மெல்லிசாத்தான் இருக்குன்னா நல்லா போட்டிருக்காருடா தையல்" என்றாள். "எத்தனை தையல்னு எழுதலையா?"

எழுதவில்லை.